ஆறும் கடலும் கலக்குமிடத்தில் ஒரு கோடை: நீரின் தரம் அளக்கப் போகும் மாணவருக்கு

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்தவர். சென்னையின் ஆறுகளிலும் கடற்கரையிலும் நீரின் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு குழுவில், மே மாத நடுவிலிருந்து ஆறு வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அங்கே என்ன வேலை இருக்கும், எப்படித் தயாராவது, முடிவில் கையில் என்ன நிற்கும் என்று கேட்கிறார். "கூவம் கெட்டுப்போனது ஊருக்கே தெரியும், அதைப் போய் அளந்து என்ன ஆகப் போகிறது" என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

முதலில் வீட்டாருக்கான பதில். கூவம் கெட்டிருக்கிறது என்பதை அறிய மூக்கு போதும். ஆனால் நேற்றுவரை இல்லாத வடிகால் ஒன்று எந்த இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே ஓடும் நீர் மேலே ஓடுவதைவிட உண்மையிலேயே தேறியிருக்கிறதா, பட்டினப்பாக்கம் அலையில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் என்ன போகிறது என்பதையெல்லாம் மூக்கு சொல்லாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் அப்பிக்கொண்டது. இப்படி ஒன்று நடந்து இழப்பீடு, மீட்பு என்று பேச்சு வரும்போது, "இதற்கு முன்னால் இந்த நீர் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குத் தாளில் பதில் இருந்தாக வேண்டும். அந்தத் தாள், எதுவும் நடக்காத சாதாரண நாட்களில் யாரோ பாட்டிலோடு போய் நின்றதால் மட்டுமே உருவாகிறது. நீங்கள் போய் நிற்கப்போவது அத்தகைய நாட்களில்தான்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லலாம். "நீர் கெட்டுவிட்டது" என்று சொன்னால் போதாது, எந்தப் பயன்பாட்டுக்குக் கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்நாட்டு நீர்நிலைகளை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்கத் தகுந்த பி வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருக்க வேண்டும். மீன் வாழத் தகுந்த டி வகைக்கு ஆக்சிஜன் 4 மில்லிகிராம் போதும், ஆனால் தனி அம்மோனியா (அயனியாக மாறாமல் நிற்கும் அம்மோனியா) 1.2 மில்லிகிராமை மிஞ்சக் கூடாது. கடல்நீருக்கு வேறு ஐந்து வகைகள். அவற்றில் குளிப்பதற்கும் மீன்பிடிப்புக்குமான இரண்டாம் வகையில் மலக் கோலிஃபார்ம் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 100. எண்ணூரில் நீருக்குள் இறங்கி நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உடம்பு நாள் முழுக்க அந்த நீரில் கிடக்கிறது. வாரியத்தின் அட்டவணையில் உள்ள அந்த 100 அவர்களைப் பற்றிய எண்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த ஆறு வாரத்தில் நீங்கள் கற்க வேண்டியதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: எந்த இடத்தில், எந்த மணிக்கு, எந்த ஓதத்தில் (கடல்மட்டத்தின் ஏற்றத்திலா வற்றத்திலா) எடுத்தது என்று தெரியாத அளவு எதற்கும் உதவாது. கருவியை இயக்க ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். கருவி காட்டும் எண்ணை நம்பத் தகுந்ததாக ஆக்குவதற்குத்தான் ஆறு வாரமும் வேண்டும்.

மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரின் சத்தை உண்டு பாசி மண்டிய நீரில், வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தால் நிறைவுநிலையையும் தாண்டி நிற்கும். அதே இடத்தில் விடியலுக்கு முன் அளந்தால், இரவு முழுவதும் பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்துத் தீர்த்ததில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிருக்காது. மீன் சாவது அந்த விடியற்காலையில். நீங்களோ பத்து மணிக்கு வண்டி ஏறிப் பதினொன்றரைக்குப் போய் அளந்து, "ஆக்சிஜன் 7, நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு வருவீர்கள். அளவில் தவறில்லை, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் தவறு. குழுவினர் எப்போதும் ஒரே நேரத்தில்தான் போகிறார்கள் என்றால், ஏன் என்று மரியாதையோடு கேளுங்கள். வண்டி கிடைக்கும் நேரம் என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதுவும் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய தகவல்.

அடுத்தது ஓதம். சென்னையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏற்ற இறக்கம் பெரிதல்ல, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் அடையாறு, கூவம் போலத் தட்டையான ஆற்றுவாய்களில் அந்த ஒரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும். கூவத்தின் வாயருகே நேப்பியர் பாலத்தடியில் ஏற்றத்தின்போது நீங்கள் மொள்வது பெருமளவு கடல்நீர். வற்றத்தின்போது மொள்வது நகரத்தின் கழிவுநீர். ஒரே பாலம், ஒரே நாள், இரண்டு வேறு நீர்கள். இது தெரியாமல் போன மாதத்து எண்ணையும் இந்த மாதத்து எண்ணையும் ஒப்பிட்டு "ஆறு தேறியிருக்கிறது" என்று யாராவது எழுதினால், அவர் அளந்தது ஆற்றின் மாற்றமாக இல்லாமல் ஓதத்தின் மாற்றமாக இருந்திருக்கலாம். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணை வெளியிடுகிறது, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனமும் ஓதக் கணிப்பு தருகிறது. களத்துக்குப் புறப்படுமுன் அன்றைய ஏற்றம், வற்றத்தின் நேரங்களைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

நீங்கள் போவது மே, ஜூன் மாதங்களில். அதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் சென்னைக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதைத் தள்ளிவிடும். கோடையில் ஆற்றில் தள்ளுவதற்கு வேகமில்லை. ஓடுவதெல்லாம் கழிவுநீர்தான், அதற்கு அந்த வலு கிடையாது. ஆகவே முகத்துவாரத்தில் மணல்திட்டு வளர்ந்து வாய் குறுகிப்போகும், சில சமயம் அடைபட்டே போகும். பொக்லைன் வைத்துத் திறந்துவிடுவதும் உண்டு. வாய் அடைபட்டிருக்கும் நாளில் ஓத அட்டவணைக்கு ஆற்றுக்குள் வேலையில்லை. எனவே அடையாற்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சீனிவாசபுரம் பக்கம் நடந்துபோய், வாய் திறந்திருக்கிறதா, ஏறத்தாழ எத்தனை அடி அகலம், நீர் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பார்த்து எழுதி ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் கேட்காவிட்டாலும் செய்யுங்கள். பல ஆண்டுத் தரவைப் பின்னால் எடுத்துப் படிக்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான், பெரும்பாலும் கிடைக்காமல் போவதும் இதுதான்.

ஆய்வகத்தில் நான் மிகவும் மதிக்கும் சோதனை, நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறை. லாயோஷ் வின்க்ளர் 1888-இல் வகுத்தது, இன்றும் கருவிகளைச் சரிபார்க்க அதைத்தான் நாடுகிறோம். மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் இதைச் செய்வீர்கள், ஆனால் ஆற்றங்கரையில் செய்வது வேறு அனுபவம். 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் குமிழி இல்லாமல், கலக்காமல், விளிம்பு வழிய நீரை நிரப்ப வேண்டும். ஒரு குமிழி உள்ளே சிக்கினாலும் காற்றின் ஆக்சிஜனை அளந்ததாகிவிடும். மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு அசைடையும் பிப்பெட்டின் முனை நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடியைப் போட்டுத் தலைகீழாகப் புரட்டினால் வீழ்படிவு எழும். கடலோர நீரில் அது நல்ல பழுப்பு நிறத்தில் திரண்டு மெல்லப் படியும். பழுப்பு என்றால் அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. நகரின் நடுவே கூவத்திலிருந்து எடுத்த பாட்டிலில் அது பால்போல் வெளுத்துப் படியும். மாங்கனீஸ் பிடித்துக்கொள்ள ஆக்சிஜனே இல்லை என்று பொருள். எங்களோடு வேலை செய்த ஒரு மாணவி இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பாட்டியை ஒருநாள் அழைத்துவந்து காட்டலாமா என்று கேட்டார். பாட்டி சிறுவயதில் அந்த ஆற்றில் குளித்தவராம். அழைத்து வந்து காட்டினார். மில்லிகிராம் கணக்கு எதுவும் சொல்லாமலே பாட்டிக்கு விளங்கிவிட்டது.

அமிலம் ஊற்றிக் கரைத்து, சுமார் 200 மில்லிலிட்டர் எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம் பார்த்தால் (டைட்ரேஷன் செய்தால்), செலவாகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். வெளிர் வைக்கோல் நிறம் வரும்வரை ஸ்டார்ச் சேர்க்காதீர்கள். கழிவுநீரில் இருக்கும் சல்ஃபைடு அயோடினை விழுங்கிவிடும் என்பதையும், எனவே மிக மோசமான நீரில் இந்த முறையே தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்முனைக் கருவியைக் கடலோரம் பயன்படுத்தும்போது அதில் உப்புத்தன்மையைப் பதிவிட்டீர்களா என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் சுமார் 6.2 மட்டுமே தாங்கும். கடலில் 6 என்பது நிறைவுக்கு அருகில், ஏரியில் 6 என்பது குறைபாடு.

பி.ஓ.டி.-யைப் பற்றி நடைமுறைக் குறிப்பு ஒன்று. வெளிநாட்டுப் பாடநூல்களில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று இருக்கும். இந்தியத் தர முறையில் 27 டிகிரியில் மூன்று நாள். வியாழக்கிழமை மாதிரி எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறக்க ஆள் வேண்டும், ஆகவே களநாளைத் திட்டமிடும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். எவ்வளவு நீர்த்தல் செய்வது என்று முதல் முறை தெரியாது, இரண்டு மூன்று நீர்த்தல்களை ஒன்றாக வைத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து ஆக்சிஜன் குறைந்தது 2 மில்லிகிராம் இறங்கியும், குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்சியும் இருக்கும் பாட்டிலைத்தான் கணக்கில் எடுக்கலாம். சி.ஓ.டி. சோதனையை (டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் கழிவை ஆக்சிஜனேற்றம் செய்து அளப்பது) கழிமுக நீருக்குச் செய்யச் சொன்னால் ஒரு கணம் நிதானியுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது, டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். மெர்குரிக் சல்பேட் சேர்த்தும் அவ்வளவு குளோரைடை அடக்குவது கடினம். உப்பு நீரின் சி.ஓ.டி. எண்ணை நான் நம்புவதில்லை. பாதரசக் கழிவு மிஞ்சுகிறது என்பது தனிக் கவலை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆற்றுவாயில் வேலை செய்பவருக்கு உப்புத்தன்மையைவிட மலிவான, உண்மையான துணை வேறில்லை. ஓர் எளிய உரைகல் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மேல்பக்கத்தில் ஆற்றின் உப்புத்தன்மை 1 (கிலோ நீருக்கு ஒரு கிராம் உப்பு), அம்மோனியா லிட்டருக்கு 20 மில்லிகிராம். கடலின் உப்புத்தன்மை 35, அம்மோனியா ஏறக்குறைய இல்லை. இடையே ஒரு பாலத்தடியில் உப்புத்தன்மை 18 என்றால், அங்கிருப்பது பாதி ஆறு, பாதி கடல். வெறும் கலப்பு மட்டும் நடந்திருந்தால் அம்மோனியா 10 இருக்க வேண்டும். நீங்கள் அளந்தது 14 என்றால், இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு வடிகால் வந்து சேர்கிறது. 6 என்றால், பாசியோ பாக்டீரியாவோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது பி.எச். கூடிய இடத்தில் கொஞ்சம் காற்றில் போயிருக்கிறது. கிடை அச்சில் உப்புத்தன்மையையும் செங்குத்து அச்சில் அம்மோனியாவையும் வைத்து எல்லாப் புள்ளிகளையும் குறியுங்கள். நேர்க்கோட்டுக்கு மேலே நிற்கும் புள்ளிகள்தான் நீங்கள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், மறைந்திருக்கும் ஒரு குழாயைக் கண்டுபிடிக்க இது போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த நேர்க்கோடு இரண்டே நீர்கள் கலக்கும் இடத்தில்தான் செல்லும். சென்னையில் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே ஓடி அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு மூன்றையும் தொடுகிறது. கால்வாய் சேருமிடத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று பிரித்துப் போட்டால்தான் சரியாக வரும். அம்மோனியாவைப் பற்றிப் பேசும்போது பி.எச்.-ஐயும் வெப்பநிலையையும் சேர்த்தே எழுதுங்கள். 30 டிகிரி நன்னீரில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மீனைக் கொல்லும் தனி அம்மோனியாவாக இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 7.5 விழுக்காடு. பிற்பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்து பி.எச்.-ஐ ஏற்றிவிடுவதால், ஆக்சிஜன் நன்றாக இருக்கும் அதே நேரத்தில் அம்மோனியாவின் நச்சு கூடியிருக்கும். மேலே சொன்ன டி வகையின் 1.2 என்ற வரம்பு இந்தத் தனி அம்மோனியாவுக்கு உரியது. மொத்த அம்மோனியாவை அதோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பாக்டீரியா வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருள்படும் எண் அதுதான். கிருமி நீக்கிய பாட்டிலின் மூடியைத் திறந்த கையிலேயே வைத்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, முழங்கை மூழ்கும் ஆழத்தில் மொண்டு, மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு மூடி உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சோதனை தொடங்கிவிட வேண்டும். கத்திரி வெயிலில் ஐஸ் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள், வழியில் மறுபடி ஐஸ் வாங்கும் இடத்தை முன்பே பார்த்துவையுங்கள். கச்சாக் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை மலக் கோலிஃபார்ம் இருக்கும். கடல்நீருக்குப் பழகிய கையோடு ஆற்று நீரை நீர்த்தாமல் வடிதாளில் போட்டுவிட்டால், மறுநாள் தட்டு முழுவதும் நீலம் அப்பிக்கொண்டு எண்ணவே முடியாது. ஒன்றுக்குப் பத்தாக, மேலும் பத்தாக, நாலைந்து படி நீர்த்திச் செல்லுங்கள்.

கடலோரத்தில் என்டிரோகாக்கஸையும் (குடலில் வாழும் இன்னொரு பாக்டீரியா) அளக்கிறார்களா என்று கேளுங்கள். கோலிஃபார்ம் உப்பிலும் வெயிலிலும் விரைவில் செத்துவிடும், என்டிரோகாக்கஸ் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதனால் கடல்நீரில் குளிப்பவர்களின் ஆபத்தை அது நன்றாகக் காட்டுகிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று (தூய கடற்கரைக்கான பன்னாட்டுச் சான்று) பெற்ற கோவளம் கடற்கரை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சான்றுக்கு ஈ.கோலை 100 மில்லிலிட்டருக்கு 250-க்குள்ளும் என்டிரோகாக்கஸ் 100-க்குள்ளும் இருக்க வேண்டும். வெயில் கிருமியைக் கொல்வதால் காலை ஏழு மணி மாதிரியும் பிற்பகல் மாதிரியும் ஒன்றாக இராது. கடற்கரையில் மக்கள் இறங்குவது மாலையிலும் அதிகாலையிலும் என்பதை மனத்தில் வைத்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படகில் கடலுக்குள் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆகவே பெரும்பாலும் உள்ளூர் மீனவரின் ஃபைபர் படகில்தான் போவீர்கள். படகோட்டியிடம் நிறையக் கேளுங்கள். இன்று நீரோட்டம் எந்தப் பக்கம், நீர் எப்போது கலங்கியது, நுரை எப்போது வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குக் கருவிக்கு முன்பே தெரியும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததையும், அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வெண்ணுரை கரையில் குவிந்ததையும் நகரம் வேடிக்கை பார்த்தது. குழந்தைகள் அந்த நுரையில் விளையாடினார்கள். மீனவர்களுக்கு அது பிழைப்பு பற்றிய கவலை. அவர்கள் சொல்வதைத் தனிப் பத்தியில், சொன்னவரின் அனுமதியோடு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு, சேருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று நீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக நுழையும். முழங்கை வரை கையுறை, ரப்பர் பூட்ஸ், படகில் உயிர்காப்பு உடை. தனியாகக் களத்துக்குப் போகவே கூடாது. பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னால்கூட மறுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமான இடத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மாணவியாக இருந்தால் களத்தில் கழிப்பறை வசதி எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்பதற்கு இடமளிக்காத குழு நல்ல குழு அல்ல.

முதல் வாரம் பாட்டில் கழுவுவீர்கள். அது வீண் வேலை அல்ல. பாஸ்பேட் அளக்கும் பாட்டிலை சோப்பில் கழுவினால் சோப்பின் பாஸ்பேட்டைத்தான் அளப்பீர்கள். நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து வாலைவடி நீரில் அலசுவது ஏன் என்று கைக்குப் புரிய வேண்டும். ஆனால் மூன்றாம் வாரமும் பாட்டில் மட்டுமே கழுவிக்கொண்டிருந்தால், வழிகாட்டியிடம் போய் உங்களுக்கென ஒரு சிறு கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். நான் பரிந்துரைப்பது இது: ஒரே ஓர் இடம், ஒரு முழு நாள். அடையாற்றின் திரு.வி.க. பாலமோ கோட்டூர்புரம் பாலமோ, பாதுகாப்பான இடமாகப் பார்த்து, முறை மாற்றிக்கொள்ளும் குழுவோடு, இரண்டு மணிக்கு ஒருமுறை 25 மணி நேரம் வெப்பநிலை, உப்புத்தன்மை, பி.எச்., ஆக்சிஜன், அம்மோனியா அளப்பது. ஓதம் முழுச் சுற்று வர அவ்வளவு நேரம் வேண்டும். நகரத்தின் இருபது இடங்களில் ஒவ்வொரு முறை அளந்த அட்டவணையைவிட இந்த ஒரு நாள் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். அந்த வளைகோட்டை வைத்து, குழு வழக்கமாகப் போகும் நேரம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். குழுவுக்கும் அது நிரந்தரப் பயன்.

ஒவ்வொரு களநாளிலும் ஒரு வெற்று மாதிரியும் ஓர் இரட்டை மாதிரியும் எடுத்தாக வேண்டும். வாலைவடி நீரைக் களத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே பாட்டிலில் ஊற்றி, மற்றவற்றைப் போலவே நடத்துவது முதலாவது. அதில் அம்மோனியா வந்தால் தவறு ஆற்றில் இல்லை, உங்கள் பெட்டியில் இருக்கிறது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு பாட்டில் எடுப்பது இரண்டாவது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் உங்கள் கையின் துல்லியம். இடத்துக்கு இடம் காணும் வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசலாம். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் கரைந்துவிடும். தவறான எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் திருத்துங்கள். சந்தேகமான அளவைத் தூக்கி எறியாமல், ஏன் சந்தேகம் என்பதை எழுதுங்கள்.

சேரும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது தரவின் உரிமை. நீங்கள் எடுத்த அளவுகளைக் கல்லூரித் திட்ட அறிக்கையில் பயன்படுத்தலாமா, மாநாட்டில் காட்டலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு நிறுவனங்களில் இதற்கு அனுமதி நடைமுறை உண்டு, கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. சமூக ஊடகத்தில் ஒற்றை அளவைப் போட்டு "மெரினா நீர் விஷம்" என்று எழுதும் ஆசை வரும், வேண்டாம். ஒரு நாள் அளவு ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசும். அப்படி எழுதினால் மீன் விற்கும் பெண்களின் அன்றைய வியாபாரம்தான் முதலில் படுக்கும். பல வார அளவும் இரட்டை மாதிரியும் கையில் இருந்தால், வழிகாட்டியின் பெயரோடு சேர்த்து, சொல்ல வேண்டிய அலுவலகத்துக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். அங்கே தயங்கவும் வேண்டாம்.

உங்களைப் போல அடுத்த ஆண்டு முயலும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு: இந்தத் துறையில் வேலை நடக்கும் இடங்கள் சென்னையிலேயே பல. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையமும் பல்கலைக்கழகத்தின் பெருங்கடல் மேலாண்மை நிறுவனமும், சாந்தோம் பக்கத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், ஐ.ஐ.டி.யில் சுற்றுச்சூழல், நீர்வளப் பொறியியல் பிரிவு. ஐ.ஐ.டி. கோடைக்கால ஆய்வுநிதித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுநிதிக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். விஞ்ஞானிகளுக்கு நேரடியாக எழுதும்போது "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று எழுதாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் எந்தெந்தத் தரம் பார்த்தல் உங்கள் கையாலேயே செய்திருக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை முழுநேரமும் வர முடியும், நீச்சல் தெரியுமா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.